தில்லி தண்டவாளக் குடிசைகள்: சென்ற பதிவின் புதுப்பிப்பு

தில்லியில் சுமார் 140 கிலோமீட்டர் ரயில் பாதையை ஒட்டியிருந்த ஏறத்தாழ 48,000 குடிசைகளை மூன்று மாதங்களுக்குள் அகற்றுமாறு 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதைச் சென்ற மாதம் எழுதியிருந்தேன். பிறகு என்ன ஆயிற்று என்று பலர் கேட்டிருந்தீர்கள். நான்கு வாரங்களுக்கு எவரையும் வெளியேற்றப் போவதில்லை என்று மத்திய அரசு செப்டம்பரில் உறுதியளித்ததால், அப்போதைக்கு ஆபத்து தள்ளிப்போனது.

அதற்கு முந்தைய வழக்கு ஒன்றை நான் குறிப்பிடாமல் விட்டது பெரிய குறை. 2015 டிசம்பர் குளிரில் தில்லியின் தண்டவாளக் குடியிருப்புகளில் ஒன்றான ஷகூர் பஸ்தியில் குடிசைகள் இடிக்கப்பட்டதைத் தொடர்ந்து நடந்த வழக்கில், கணக்கெடுப்பும் மக்களோடு கலந்தாலோசனையும் இன்றித் திடீரென வெளியேற்றக் கூடாது என்று தில்லி உயர் நீதிமன்றம் 2019 மார்ச்சில் தீர்ப்பளித்தது.

ஷகூர் பஸ்தியில் பலருக்குப் பிழைப்பே சரக்கு ரயிலிலிருந்து சிமெண்ட் மூட்டை இறக்குவதுதான். நான் போயிருந்த மாலையில், வேலை முடித்து முகம் கழுவிவிட்டு வந்த பெரியவரின் புருவத்திலும் காது மடலிலும் சாம்பல் நிறத் தூள் அப்படியே படிந்திருந்தது; அவர் வீட்டு வாசலிலிருந்து தண்டவாளம் பத்தடிகூட இராது. ரயில் வரும் ஓசை கேட்டதும் அவர் மனைவி, பேச்சை நிறுத்தாமலே, குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மாற்று வீடு கொடுத்தால் போதும் என்று முன்பு எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். பவானா, நரேலா போன்ற நகர விளிம்புகளில் வீடு கிடைத்தாலும், விடியற்காலையில் சரக்கு ரயில் வரும்போது இவர்கள் இங்கே இருந்தாக வேண்டும்.