கிட்லேபில் பயிற்சி மாணவர்களுக்கும் வாடிக்கையாளருக்கும் எந்த அனுமதி கொடுப்பது?

கேள்வி – கிருஷ்ணகிரி

வணக்கம். மாங்கூழ் ஆலைகளுக்கான கொள்முதல் கணக்கு மென்பொருளைச் சிறு குழுவாகச் செய்து வருகிறோம். நிரல் முழுவதும், நிரலைச் சேமித்துக் குழுவாக எழுத உதவும் கிட்லேப் தளத்தில் ஒரே குரூப்பின் கீழ், வெளியாருக்குத் தெரியாத பிரைவேட் பிராஜெக்டுகளாக உள்ளது. மாம்பழப் பருவத்துக்கு முன்பாகப் பொறியியல் மாணவர்கள் இருவர் பயிற்சிக்கு வருகிறார்கள். சோதனை பார்க்க ஒருவரும், குறைகளைத் தாங்களே பதிய விரும்பும் ஆலைக் கணக்கர்கள் இருவரும் சேர இருக்கிறார்கள். இப்போது நாங்கள் அனைவரும் அங்கே மெயின்டெய்னர் என்ற உயர் அனுமதி நிலையில் இருப்பதால், புதியவர்களுக்கும் அதையே கொடுத்துவிடலாம் என்கிறார் கூட்டாளி. எனக்கு மனம் ஒப்பவில்லை. எப்படிப் பிரிப்பது?

மறுமொழி – ஓசூர்

மாணவர்களுக்கு, நிரல் எழுத விடும் டெவலப்பர் நிலை போதும். மெயின் பிராஞ்ச் (நிரலின் முதன்மைக் கிளை) இயல்பாகவே பாதுகாக்கப்பட்டிருப்பதால், அவர்கள் தங்கள் பிராஞ்சில் எழுதி, அதை மெயினில் சேர்க்கக் கேட்கும் மெர்ஜ் ரிக்வெஸ்ட் அனுப்பலாமே தவிர, நேரடியாக மெயினில் புஷ் செய்ய (ஏற்ற) இயலாது. சோதனையாளருக்கு, நிரலை மாற்றாமல் பார்க்க விடும் ரிப்போர்ட்டர்; கணக்கர்களுக்கு, குறைகளைப் பதிய விடும் கெஸ்ட். பிரைவேட் பிராஜெக்டில் கெஸ்டுக்கு நிரல் தெரியாது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இவர்களில் யாரையும் குரூப்பில் சேர்க்காதீர்கள். குரூப்பில் கொடுத்த நிலை அதன் கீழுள்ள எல்லாப் பிராஜெக்டுகளுக்கும் இறங்கிவிடும். பிராஜெக்டில் அதைக் கூட்டலாம், குறைக்க முடியாது. சேர்க்கும்போதே முடிவுத் தேதியையும் குறித்துவிட்டால், பயிற்சி முடிந்ததும் அனுமதி தானாக நீங்கும்.

மறுமொழி – தருமபுரி

மேலே சொன்னது சரியே, ஆனால் பிராஞ்சைப் பாதுகாத்தால் எல்லாம் ஆயிற்று என்று நினைக்க வேண்டாம். தரவுத்தளக் கடவுச்சொல்லைச் சிஐ வேரியபிளாக, அதாவது நிரலின் தானியங்கி ஓட்டமான பைப்லைனுக்குக் கிடைக்கும் மதிப்பாக வைத்திருப்பீர்கள். டெவலப்பருக்கு அந்த அமைப்புப் பக்கம் திறக்காது என்றாலும், தம் பிராஞ்சிலுள்ள பைப்லைன் கோப்பில் ஒரு வரி சேர்த்து அதை வேறெங்காவது அனுப்பும்படி அவரால் செய்துவிட முடியும். ஓட்டப் பதிவான லாகில் மறைக்கும் மாஸ்க் வசதி இதைத் தடுக்காது. வேரியபிளைப் ‘புரொடெக்டட்’ என்று குறித்தால்தான் அது பாதுகாக்கப்பட்ட பிராஞ்சுகளிலும் டேகுகளிலும் (பதிப்புக் குறிகள்) ஓடும் பைப்லைனுக்கு மட்டும் கிடைக்கும். என்னைக் கேட்டால், மாணவர்கள் வருமுன் முதலில் செய்ய வேண்டிய வேலை இதுதான்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. இரண்டு கணக்கர்களும் போட்டி ஆலைகளைச் சேர்ந்தவர்கள். ஒருவர் பதியும் இஷ்யூவை (குறைப் பதிவை) மற்றவர் பார்ப்பாரா? கொள்முதல் விலையெல்லாம் அதில் வரும்.

மறுமொழி – ஓசூர்

ஒரே பிராஜெக்டில் இருந்தால் பார்ப்பார். ‘கான்ஃபிடென்ஷியல்’ என்று குறித்துப் பதிந்தால் மற்ற கெஸ்டுகளுக்குத் தெரியாதுதான். ஆனால் வேலை நெருக்கடியில் ஒவ்வொரு முறையும் அந்தக் கட்டத்தைத் தொடுவார்கள் என்று நம்ப முடியாது. ஆலைக்கு ஒன்றாக, நிரலே இல்லாமல் இஷ்யூ மட்டும் பதியும் பிராஜெக்டைத் தொடங்கி, அந்தந்தக் கணக்கரை அதில் மட்டும் கெஸ்டாகச் சேருங்கள்.