மறு: ‘உட்செவிப் புரைவழி’ – வேறு சொல் உண்டா?

> ஃபிஸ்டுலாவுக்குப் புரைவழி என்று ஏற்கெனவே சொல் இருக்கிறது. உட்செவி நீர் நடுச்செவிக்குள் கசியும் பெரிலிம்ஃப் ஃபிஸ்டுலாவையும் ‘உட்செவிப் புரைவழி’ என்றே வைத்துவிடலாமே?

வணக்கம் ஐயா,

அகராதிக்கு அது போதும். கோத்தகிரியில் காது பரிசோதிக்கும் எனக்குப் போதாது. இங்கே புரை என்றால் கண்புரை, ஃபிஸ்டுலா என்றால் பவுத்திரம். காதுக்குள் பவுத்திரமா என்று சிரித்துவிடுவார்கள்.

நடப்பதைப் பார்த்துப் பெயர் வைப்போம். கவாத்து வெட்டிய தேயிலைச் செடியின் குச்சிகள் கூராக நிற்கும். குனியும்போது ஒன்று காதில் ஏறிவிடுகிறது. இல்லையென்றால் கொண்டை ஊசியால் காது குடையும்போது பிள்ளை வந்து கையில் மோதுகிறது. செவிப்பறையில் வெறும் ஓட்டை என்றால் பெரும்பாலும் சில வாரங்களில் தானே மூடிக்கொள்ளும். பறையின் பின்மேல் பகுதியில் குத்தினால்தான் வம்பு. சிற்றெலும்புகள் அதற்குப் பின்னால்தான் இருக்கின்றன. அவற்றில் கடைசியான அங்கவடி எலும்பு உள்ளே அழுந்தினால், உட்செவியின் திறப்பான நீள்வட்டச் சாளரம் கிழிந்து, உட்செவியின் சுற்றுநிணநீர் (பெரிலிம்ஃப்) நடுச்செவிக்குள் வடியும்.

இப்படி வந்த ஓர் அம்மா கதவு நிலையை விட்டுக் கையை எடுக்கவில்லை. உட்கார வைத்த பிறகும் கண்மணிகள் பக்கவாட்டில் துடித்துக்கொண்டிருந்தன. 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி நெற்றியில் வைத்தேன். வெறும் ஓட்டை என்றால் அடிபட்ட காதில்தான் உரக்கக் கேட்கும். அவருக்கு நல்ல காதில் கேட்டது. உட்செவியே அடிபட்டிருக்கிறது என்று அப்போதே சந்தேகப்பட வேண்டும்.

குழுவில் இன்னொருவர் சொன்ன ‘உட்செவிக் கசிவு’ பக்கத்தில் வருகிறது. ஆனால் அதைக் காது ஒழுகுவது என்று எடுத்துக்கொள்வார்கள். வெளியே ஒன்றும் வரவில்லையே என்று வீட்டிலிருந்து எண்ணெய் காய்ச்சி விடுவார்கள். அதைவிடக் கெடுதல் வேறில்லை.

என் பரிந்துரை: சாளரக் கசிவு. கசியும் இடத்தையும் சொல்கிறது, வாயிலும் நுழைகிறது. எங்கள் மலைக்கு இந்தச் சொல் அவசரமாக வேண்டும். ஊட்டி 2,240 மீட்டர், மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம். மலை இறங்கும்போது காது அடைத்தால் மூக்கைப் பிடித்து ஊதுவது இங்கே எல்லோருக்கும் பழக்கம். சாளரக் கசிவு உள்ளவர் அதைச் செய்யவே கூடாது. முக்கவும் கூடாது, பளு தூக்கவும் கூடாது. தலையை உயர்த்திப் படுக்க வேண்டும்.

---

> சாளரக் கசிவு எனக்குச் சம்மதம் அம்மா. ஆனால் உட்செவியின் இன்னொரு திறப்பான வட்டச் சாளரத்திலும் கசியுமே, இரண்டுக்கும் ஒரே சொல்லா?

ஒன்றே போதும் ஐயா. எந்தச் சாளரம் என்பது பெரும்பாலும் அறுவையில் திறந்து பார்க்கும்போதுதான் உறுதியாகிறது. வேண்டுமானால் மருத்துவர் அப்போது முன்னால் ‘வட்ட’, ‘நீள்வட்ட’ என்று ஓர் அடைமொழி சேர்த்துக்கொள்ளட்டும். சாளரத்தைத் திசுத் துண்டு வைத்து அடைத்தால் தலைச்சுற்றல் பலருக்கு அடங்குகிறது, போன செவித்திறன் அவ்வளவாகத் திரும்புவதில்லை. அதனால் விளக்கக் குறிப்பில் ‘அன்றே காது மருத்துவரிடம் காட்டுக’ என்றும் சேர்த்துவிடுங்கள்.