ஊர்ல இருக்கறவங்களுக்கு ஆன்லைன் மோசடிய பத்தி எப்படிங்க சொல்லித்தர்றது?

தறிக்காரன் (பல்லடம்):
எங்கூரு மகளிர் குழு கூட்டத்துல பேங்க்காரர் ஒருத்தர் வந்து பிஷிங், மால்வேர், டூ ஃபேக்டர்னு ஒரு மணி நேரம் பேசிட்டு போனாருங்க. வெளிய வந்த அக்காவ கேட்டா "ஓடிபி சொல்லக்கூடாதாமாங்"கறாங்க, அவ்ளோதான் மனசுல நின்னுருக்கு. நாலு விசயம் போதும்ங்கறேன். யூபிஐல காசு வாங்கறதுக்கு பின் நம்பரே தேவையில்ல, வாட்ஸ்அப்புல வர்ற ஏபிகேவ (ஆப்ப இன்ஸ்டால் பண்ற ஃபைல்) தொடாதீங்க, போலீஸ்னு சொல்லி வீடியோ கால்ல கைது பண்றது, டிஜிட்டல் அரெஸ்ட்டுங்கறது, சட்டத்துலயே கெடையாது, காசு போச்சுன்னா அப்பவே 1930ங்கற சைபர் கிரைம் உதவி நம்பருக்கு போன் போடுங்க.

சிஸ்டம் அட்மின் (பீளமேடு):
இதுல எனக்கு உடன்பாடு இல்லைங்க. மனப்பாடம் பண்ண வெச்சா திருடன் அடுத்த மாசம் வேற வழில வருவான். ஓடிபி சொல்லாதேன்னு வருசக்கணக்கா சொல்றோம், இப்ப அவன் கேக்கறதே இல்லையே, கல்யாணப் பத்திரிகைன்னு ஏபிகே வருது, எஸ்எம்எஸ் பர்மிஷன் கேக்குது, அலோன்னு அமுத்துனா ஓடிபி நேரா அவனுக்கு போயிருது, நம்ம வாயே தொறக்க வேண்டாம். ஏன்னு புரியாம விதிய மட்டும் குடுத்து என்ன பிரயோசனம்?

கோபி அம்மிணி:
ரெண்டு பேருமே சுமைய சனங்க தலைல தான வெக்கறீங்க. "பணம் அனுப்பறேன், பின் போடுங்க"ன்னு சொல்லி யூபிஐல பணம் கேக்கற ரிக்வெஸ்ட்ட அனுப்பி ஏமாத்துனானுகளே, அதுக்கு எத்தனை விழிப்புணர்வு கூட்டம் போட்டாங்க? 2025 அக்டோபர்ல இருந்து தனியாளுக்கு தனியாள் அனுப்பற அந்த ரிக்வெஸ்ட்டயே யூபிஐய நடத்தற என்பிசிஐ நிறுத்திருச்சு. கதவ சாத்தற அதிகாரம் யாருகிட்ட இருக்குதோ அவங்களத்தான் கேக்கோணும்.

தறிக்காரன் (பல்லடம்):
அது சரிங் அம்மிணி, ஆனா டிஜிட்டல் அரெஸ்ட்டுன்னு பயந்து போய் ஒரு பெரியவர் தானே பேங்குக்கு நடந்து போய் பணம் கட்டறாரு, அத எந்த ஆப்ப மாத்தி தடுப்பீங்க?

கோபி அம்மிணி:
அங்கயும் பேங்குதாங்க. வயசானவர் டெபாசிட்ட பாதில முறிச்சு, இதுவரைக்கும் ஒருக்கா கூட அனுப்பாத அக்கவுண்டுக்கு அத்தனையும் அனுப்பறாருன்னா கவுண்டர்ல இருக்கறவங்க "யாருக்குங்கய்யா"ன்னு ஒரு வார்த்த கேக்கோணுமில்ல.

மஞ்சள் காடு (பெருந்துறை):
எங்கய்யனுக்கு தமிழ் தினத்தந்திய வரி விடாம படிக்க வரும், ஆனா போன் இங்கிலீஷ்ல இருந்துச்சு. எச்சரிக்கை வந்தா கீழ இருக்கற பட்டன அமுத்தி தள்ளி விட்டுருவாரு. மொழிய தமிழுக்கு மாத்துனேன், செட்டிங்ஸ்ல தெரியாத ஆப்ஸ் இன்ஸ்டால் பண்ற அனுமதி வாட்ஸ்அப்புக்கும் குரோமுக்கும் ஆஃப்ல இருக்குதான்னு அவர் கையாலயே பாக்க வெச்சேன், யூபிஐ ஆப்புல ஒரு பேமெண்ட்ட தொறந்து அந்த பேமெண்ட்டோட 12 இலக்க அடையாள நம்பர் எங்க இருக்குதுன்னு காட்டுனேன், 1930ல கூப்பிட்டா அதத்தான் கேப்பாங்க. பொறவு பிஎம் கிசான்னு ஒரு ஏபிகே வந்தப்ப அவரே என்னய கூப்பிட்டு காட்டுனாரு. பேச்சு வேண்டாமுங்க, போன கைல வெச்சுட்டு சொல்லித்தாங்க.

சிஸ்டம் அட்மின் (பீளமேடு):
இது நல்லாருக்குங்க. ஆனா புது போன் வாங்குனா இதே செட்டிங் வேற எடத்துல இருக்கும், அதனாலதான் காரணத்தையும் சேத்து சொல்லோணும்ங்கறேன். இன்னொண்ணு, ரிசர்வ் வங்கி (ஆர்பிஐ) 2017 ஜூலைல போட்ட சுற்றறிக்கைல, நாமளே விவரத்த குடுத்து ஏமாந்தா பேங்குக்கு தகவல் சொல்ற வரைக்கும் போனது நம்ம நஷ்டம், சொன்னதுக்கப்பறம் போறது பேங்க் பொறுப்புன்னு சொல்லிருந்தாங்க. கூட்டத்துல இதச் சொல்லி நான் கேட்டதே இல்ல. 1930க்கு சொன்னா மட்டும் போதாது, பேங்குக்கும் தனியா சொல்லி புகார் நம்பர வாங்கி வெக்கோணும்.

கோபி அம்மிணி:
சொல்லித்தர வேண்டாங்கலைங்க நானு. ஏமாந்தவங்கள "அறிவில்லையா உனக்கு"ன்னு வீட்டாளுகளே வையறத மொதல்ல நிறுத்தச் சொல்லுங்க. வெக்கப்பட்டுட்டு ரெண்டு நாள் யாருகிட்டயும் சொல்லாம இருக்கறாங்க, அதுக்குள்ள காசு அக்கவுண்ட் மாறி மாறி போயிருது.

தறிக்காரன் (பல்லடம்):
நெசந்தானுங் அம்மிணி. அடுத்த கூட்டத்துக்கு வீட்டு ஆம்பளைங்களையும் பசங்களையும் சேத்து வரச் சொல்றேன், எல்லாரும் போனோட வரோணும். மஞ்சள் காடு, பல்லடம் பக்கம் ஒருக்கா வர முடியுமாங்?