மார்வின் கேயின் ஆகச்சிறந்த ஆல்பம் எது? என் ஓட்டு ‘ஹியர், மை டியர்’

தெற்குவாசல்:
அமெரிக்க சோல் பாடகர் மார்வின் கே பற்றிப் பேச்சு எடுத்தாலே ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ (1971) என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். 2020-இல் ரோலிங் ஸ்டோன் இதழ் தன் 500 ஆல்பங்களின் பட்டியலில் அதை முதலிடத்தில் வைத்த பிறகு, வேறொன்றைச் சொல்வதே தப்பு என்பது போல ஆகிவிட்டது. அதன் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் மார்வின் என்கிற மனிதனை முழுசாகக் கேட்க 1978 டிசம்பரில் வந்த ‘ஹியர், மை டியர்’தான் என்பேன்.

கேட்காதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. மார்வினின் மனைவி அன்னா கோர்டி, மார்வின் பாடிய மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் முதலாளி பெர்ரி கோர்டியின் அக்கா. மார்வினைவிட 17 வயது மூத்தவர். விவாகரத்து வழக்கு முடிந்தபோது கொடுக்க மார்வினிடம் பணமில்லை. அதனால் அடுத்த ஆல்பத்தின் அட்வான்ஸிலும் ராயல்டியிலுமாக 6 லட்சம் டாலர் அன்னாவுக்குப் போக வேண்டும் என்று ஏற்பாடானது. ஏதோ ஒன்றை அவசரமாகப் பாடிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றுதான் தொடங்கினார். பாட ஆரம்பித்ததும் அந்தத் திருமண வாழ்க்கை மொத்தமும் வெளியே வந்துவிட்டது. இரண்டு எல்.பி. தட்டுகள், எழுபது நிமிடத்துக்கு மேல். அன்றைக்கு அது விற்கவில்லை, விமர்சகர்களும் பெரிதாக மதிக்கவில்லை. சோல் இசையில் இவ்வளவு வெளிப்படையான இன்னொரு ஆல்பத்தை நான் கேட்டதில்லை.

பேஸ்பித்தன்:
வெளிப்படையாக இருந்தால் மட்டும் நல்ல ஆல்பம் ஆகிவிடுமா நண்பரே? இசையைப் பேசுவோம்.

‘வாட்ஸ் கோயிங் ஆன்’ எல்.பி.யின் முதல் பக்கத்தில் ஆறு பாட்டு. ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடமே தெரியாது. வியட்நாமிலிருந்து திரும்பியவன் தன் ஊரைப் பார்க்கும் பார்வைதான் முழு ஆல்பமும். மார்வினின் தம்பி ஃப்ராங்கி அந்தப் போரில் இருந்து திரும்பியவர், அவர் சொன்ன கதைகள் இதற்குள் இருக்கின்றன. தலைப்புப் பாட்டின் விதை ஃபோர் டாப்ஸ் குழுவின் ஓபி பென்சனிடமிருந்து வந்தது. 1969-இல் பெர்க்லியின் பீப்பிள்ஸ் பார்க்கில் இளைஞர்களைப் போலீஸ் அடித்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர். பெர்ரி கோர்டிக்கு அந்தப் பாட்டே பிடிக்கவில்லை. 1971 ஜனவரியில் தனிப்பாட்டாக வந்து விற்றுத் தள்ளிய பிறகுதான் முழு ஆல்பம் வேண்டுமென்று கேட்டார்கள்.

அப்புறம் ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் கிட்டார். தரையில் படுத்தபடி வாசித்தார் என்று சொல்வார்கள். எப்படி வாசித்தாரோ, அந்த நான்கு தந்தியில் அவர் போடும் வளைவுகளை ஹெட்ஃபோனில் தனியாகப் பிடித்துக்கொண்டு ஒருமுறை போய்ப் பாருங்கள். மேலே மார்வின் பாடுவது இரண்டாவது மெட்டு என்று தோன்றிவிடும். மோட்டவுன் பாட்டுகளுக்கு உயிர் கொடுத்த ஃபங்க் பிரதர்ஸ் வாத்தியக் கலைஞர்களின் பெயர்கள் மோட்டவுன் அட்டையில் அச்சானதும் இந்த ஆல்பத்தில்தான். அதுவரை அவர்கள் யாரென்றே கேட்பவர்களுக்குத் தெரியாது.

இவ்வளவும் சுமார் 35 நிமிடத்தில். நீங்கள் சொல்லும் ஆல்பத்தில் பாதியைத் தாராளமாக வெட்டலாம்.

தெற்குவாசல்:
வெட்ட முடியாது, அதுதான் என் வாதமே.

‘வாட்ஸ் கோயிங் ஆன்’ பதிவில் மார்வினின் இரண்டு குரல் தடங்கள் தற்செயலாக ஒன்றாக ஒலித்து, அது அவருக்குப் பிடித்துப்போய், அப்படியே வைத்துக்கொண்டார். அதே முறைதான் ‘ஹியர், மை டியர்’ வரும்போது முழுமை அடைகிறது. ஒரு மார்வின் குற்றம் சாட்டுகிறார், பின்னால் இன்னொரு மார்வின் கெஞ்சுகிறார், மூன்றாவது குரல் ஆறுதல் சொல்கிறது. ‘ஐ மெட் எ லிட்டில் கேர்ள்’ பாட்டில் எல்லாக் குரலும் சேர்ந்து பழைய டூ-வாப் என்கிற குழுப்பாட்டுப் பாணியில் ஹார்மனி பாடும். 1950-களின் கடைசியில் மூன்க்ளோஸ் குழுவில் அவர் பாடிப் பழகிய பாணி அது. அன்னாவைச் சந்தித்த கதையைச் சொல்ல, சந்தித்த காலத்து இசையையே எடுத்துக்கொள்கிறார். இதைவிடக் கச்சிதமாக வேறென்ன செய்ய முடியும்?

நீளத்துக்கும் காரணம் உண்டு. நீ எப்போது என்னை நேசிப்பதை நிறுத்தினாய், நான் எப்போது நிறுத்தினேன் என்று கேட்கும் பாட்டு மூன்று முறை வரும். முதலில் முழுதாக, பிறகு வாத்திய இசையாக, கடைசியில் சின்னதாக ஒருமுறை. அந்தக் கடைசி முறை எங்கே வருகிறது என்று கவனியுங்கள். ‘ஃபாலிங் இன் லவ் அகெய்ன்’ என்று புதுக் காதலைப் பாடி முடித்த உடனே! புதுக் காதலோடு முடிந்திருந்தால் அது சாதாரண ஆல்பம். பழைய கேள்வி தீரவில்லை என்று காட்டிவிட்டு முடிகிறது பாருங்கள், அதற்கு அந்த எழுபது நிமிடமும் வேண்டும்.

நள்ளிரவு வானொலி:
இரண்டு அண்ணன்களும் ஒருவரை மறந்துவிட்டீர்கள். அன்னா.

‘ஹியர், மை டியர்’ ஒரு தரப்பு வாக்குமூலம். ‘யூ கேன் லீவ், பட் இட்ஸ் கோயிங் டு காஸ்ட் யூ’ என்ற பாட்டில் அவரைப் பணத்தாசை பிடித்தவராகக் காட்டுகிறார் மார்வின். அட்டையின் உட்பக்கத்தில் பணத்தை வைத்து ஆடும் மோனோபொலி விளையாட்டுப் பலகை வரைந்து அங்கேயும் அதே குத்தல். தன் அந்தரங்கத்தைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்ததற்காக அன்னா வழக்குப் போட யோசித்ததாகச் செய்தி வந்தது. எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

அவர் வெறும் முதலாளியின் அக்கா கிடையாது. மோட்டவுன் பெரிதாகும் முன்பே அன்னா ரெக்கார்ட்ஸ் என்று இசைத்தட்டு நிறுவனம் தொடங்கியவர்களில் ஒருவர். ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ ஆல்பத்தின் ‘ஃப்ளையின் ஹை’, ‘காட் இஸ் லவ்’ பாட்டுகளை எழுதியவர்களில் அவர் பெயரும் இருக்கிறது. பேஸ்பித்தன் அண்ணா, உங்கள் ஆல்பத்திலும் அன்னா இருக்கிறார். அங்கே சேர்ந்து எழுதியவராக இருந்தவர், இங்கே குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார்.

என் விருப்பம் ‘ஐ வான்ட் யூ’ (1976). லியோன் வேர் தயாரித்தது. அட்டையில் எர்னி பார்ன்ஸின் ‘சுகர் ஷேக்’ ஓவியம், ஆடும் உடம்புகள் ஒன்றோடொன்று கலந்து ஓடுவது போல இருக்கும். இசையும் அதேதான், எந்தப் பாட்டும் முழுசாக முடிவதில்லை. யாரையும் திட்டாமல், எதையும் நிரூபிக்காமல் வெறும் ஏக்கத்தை வைத்து ஒரு ஆல்பத்தையே நிறுத்தியிருக்கிறார்.

பேஸ்பித்தன்:
அன்னா பெயரைச் சொன்னதற்கு நன்றிம்மா. ‘ஐ வான்ட் யூ’ அழகான சத்தம், மறுக்கவில்லை. ஆனால் அதில் அறைக்கு வெளியே உலகமே இல்லை. 1971-இல் காற்றில் நஞ்சு, கடலில் எண்ணெய், மீனில் பாதரசம் என்று ‘மெர்சி மெர்சி மீ’ பாட்டில் இவ்வளவு மென்மையாக எத்தனை பேர் பாடினார்கள்?

புதுக்காது:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ‘லெட்ஸ் கெட் இட் ஆன்’ (1973) பற்றி யாரும் பேசவே இல்லையே? எனக்கு மார்வின் அறிமுகமானதே அதில்தான்.

தெற்குவாசல்:
நல்ல ஆல்பம். தலைப்புப் பாட்டோடு நின்றுவிடாமல் கடைசிப் பாட்டு ‘ஜஸ்ட் டு கீப் யூ சாட்டிஸ்ஃபைட்’ வரை கேளுங்கள். மற்ற பாட்டெல்லாம் ஆசையைப் பாடும், அது மட்டும் முறிந்த திருமணத்தைப் பாடும். ‘ஹியர், மை டியர்’ அங்கேயே தொடங்கிவிட்டது.

அன்னா விஷயத்தில் தங்கை சொல்வது நியாயம். அது ஒருதலைப்பட்சம்தான். ஆனால் ‘ஆங்கர்’ என்ற பாட்டில் கோபம் மனிதனை எப்படி அழிக்கும் என்று பாடும்போது அவர் தன்னையும் சேர்த்தே சொல்கிறார். ‘அன்னாஸ் சாங்’ பாட்டில் அவர் பெயரைக் கூப்பிடும் இடத்தில் வெறுப்பு எங்கே இருக்கிறது?

நள்ளிரவு வானொலி:
‘ஜஸ்ட் டு கீப் யூ சாட்டிஸ்ஃபைட்’ எழுதியவர்களிலும் அன்னா ஒருவர் அண்ணா! அந்த முறிவை அவரும் சேர்ந்து எழுதிய பாட்டு அது. ஐந்து வருஷம் கழித்து அதே கதையை மார்வின் தனியாகச் சொன்னதில்தான் எனக்கு மனத்தாங்கல். பெயரை எவ்வளவு உருகிக் கூப்பிட்டாலும், பதில் சொல்ல அவருக்கு அங்கே மைக் இல்லை. என் ஓட்டு ‘ஐ வான்ட் யூ’வுக்கே.