விறகடுப்புப் புகைக்கூண்டு: இடிச்சுக் கட்டறதா, பூசினாப் போதுமா?

துடியலூர்க்காரன்:
வணக்கமுங்க. கோவை துடியலூர்ப் பக்கம் தனி வீடு, முப்பது வருசக் கட்டடம். பின்கட்டு விறகடுப்புக்கு அரைச்செங்கல் கட்டுல புகைக்கூண்டு இருக்கு. உள்ளளவு 9க்கு 9 அங்குலம், வெளியளவு 18க்கு 18. மொட்டைமாடிக்கு மேல 5 அடி நிக்குது. மேல் பூச்சு உதிருது, மேக்குப் பக்கம் ஜாயிண்ட் எல்லாம் அரிச்சுக் கெடக்கு, உள்ளே சீலிங்ல கூண்டைச் சுத்திக் கறை. ஆடிக்காத்து அடிச்சா புகை அடுப்படிக்கே திரும்புது. ஒரு கொத்தனார் முழுசா இடிக்கணும்கறார். இன்னொருத்தர் வாட்டர்ப்ரூஃப் கலந்து பூசினாப் போதும்கறார். மூணாவது ஆள் விவரமே இல்லாம ஒரே தொகை சொல்றார். யார் சொல்றதை எடுத்துக்கறதுங்க? கூலி எப்படிப் பேசறது?

சாந்துக்கரண்டி:
மூணு பேர்ல யாராச்சும் மாடி ஏறிச் சுத்தியலால தட்டிப் பாத்தாங்களா? பாக்காம விலை சொன்னவரை அப்பவே விட்டுருங்க.

ஒழுகறதும் புகை திரும்பறதும் வேற வேற கோளாறு. பூச்சு போட்டா ஒழுகல் நிக்கலாம், புகை நிக்காது.

முதல்ல கறையோட நிறத்தைப் பாருங்க. டீத்தூள் தண்ணி மாதிரி பழுப்பா, கரி வாடையோட இருந்தா, மழை மேல் வாய் வழியா இறங்கிக் கரியைக் கரைச்சுட்டு வருது. வெள்ளையா உப்புப் பூத்து ஈரம் காட்டினா, தளமும் கூண்டும் சேர்ற மூலையில ஓட்டை. சந்தேகமா இருந்தா தண்ணி விட்டுப் பாக்கலாம், ஆனா கீழிருந்து மேலேதான் போகணும். கூண்டுல இருந்து ஓரடி தள்ளிச் சுத்திலும் களிமண் வரப்பு கட்டி, அடியில ரெண்டங்குலம் தண்ணி ஒரு நாள் நிக்கட்டும். கீழே ஈரம் வரலைன்னா மறுநாள் சுவரை நனைங்க. அப்புறம்தான் மேல்மூடி. ஒரே நாள்ல எல்லாத்தையும் நனைச்சா எது ஒழுகுதுன்னே தெரியாது.

இடிக்கறதா வேண்டாமான்னு தூக்குக்குண்டு சொல்லும். 5 அடிக்கு ஒரு அங்குலத்துக்கு மேல சாஞ்சிருந்தா, இல்ல கையால தள்ளினா ஆடுச்சுன்னா, உறுதியா நிக்கற செங்கல் வரி வரைக்கும் பிரிச்சுக் கட்டணும். நேரா நிக்குதுன்னா அரிச்ச ஜாயிண்ட்டை முக்கால் அங்குல ஆழம் கீறி, தூசி போகக் கழுவி, நனைச்சு, ரெண்டு தடவையா அடைச்சாப் போதும். மேலோட்டமா அரை அங்குலம்கூடக் கீறாம பூசிட்டுப் போனா அடுத்த ஐப்பசி மழைக்கே கழண்டுரும்.

கொங்குசிவில்:
புகைக்கு வர்றேன். கூண்டுக்குப் பக்கத்துல மாடிப்படி ரூம், தண்ணித்தொட்டி எதாச்சும் இருக்குங்களா? தூரம், உயரம் ரெண்டும் சொல்லுங்க. அடுப்படியில எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தா அதை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து வெச்சு ஒரு தடவை எரிச்சுப் பாருங்க. அப்பவும் புகை திரும்புதான்னு தெரியணும்.

துடியலூர்க்காரன்:
ஃபேனை நிறுத்தியும் திரும்புதுங்க. மேக்கால 6 அடி தள்ளி மாடிப்படி ரூம், 8 அடி உயரம். சாய்வு இல்லைங்க, தூக்குக்குண்டு விட்டுப் பாத்தாச்சு. ஆனா மேல் 3 அடியில செங்கல்லே பொரிஞ்சு உதிருது.

கொங்குசிவில்:
அப்ப காரணம் அந்த ரூம்தானுங்க. 10 அடிக்குள்ள இருக்கற எதைவிடவும் கூண்டோட வாய் 2 அடி மேல இருக்கணும். உங்களுக்கு 10 அடி வேணும், இருக்கறது 5. பாலக்காட்டுக் கணவாய்ல புகுந்து வர்ற மேக்காத்து ரூம் மேல ஏறி, இந்தப் பக்கம் சுழண்டு இறங்குது. அந்தச் சுழலுக்குள்ளதான் உங்க கூண்டோட வாய் இருக்கு.

அதுக்காக செங்கல்லை 10 அடிக்கு ஏத்தச் சொல்லீராதீங்க. தனியா நிக்கற கூண்டு, அகலத்தைப் போல நாலரை மடங்குக்கு மேல போகக்கூடாது. 18 அங்குலத்துக்கு ஆறே முக்கால் அடிதான் கணக்கு. செங்கல் 5 அடியிலயே நிக்கட்டும். மேல 10 அங்குல விட்டத்துல 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் 5 அடி ஏத்தி, மூணு பக்கம் கம்பி இழுத்துக் கட்டுங்க. 6 அங்குலக் குழாய் விலை குறைவுன்னு போட்டுடாதீங்க, உங்க உள்ளளவுல பாதிகூட வராது. பி.வி.சி. உருகிரும். ஏ.சி. பைப்பும் (ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் குழாய்) வேண்டாம், சூட்டுல வெடிக்கும். பழைய கூண்டுக்குள்ள ஏ.சி. பைப் இறக்கியிருந்தா உலர உடைக்க விடாதீங்க, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

இன்னொண்ணு: மாடுலர் கிச்சனோட எலெக்ட்ரிக் சிம்னி குழாயை இதுல சேர்த்துவிடற பழக்கம் இப்பப் பரவுது. எண்ணெய்ப் பிசுக்கும் தீப்பொறியும் ஒரே குழாயில! சேர்க்கவே கூடாது.

சாந்துக்கரண்டி:
சாய்வு இல்லைன்னாலும் செங்கல்லே பொரிஞ்சுட்டதால, மேல் 3 அடி பிரிச்சுக் கட்டற வேலை. கணக்கு இதுதான்: வரிக்கு 6 செங்கல், 11 வரி, 66. உடைசலோட 75 வாங்குங்க. கட்டு, பூச்சு, மூடி எல்லாத்துக்கும் சிமெண்ட் ஒரு மூட்டை போதும், மிஞ்சவும் செய்யும். மணல் சிமெண்ட் சாக்குல ஆறு. யாராச்சும் மூணு மூட்டை, அரை யூனிட் மணல்னு எழுதினா, எதுக்குன்னு கேளுங்க.

கட்டுக்கலவையில சிமெண்ட் மட்டும் போட்டா சூட்டுல விரிசல் விடும். சிமெண்ட் 1, சுண்ணாம்பு 1, மணல் 6. "கெட்டியா இருக்கட்டும்"னு 1க்கு 3 போடற கொத்தனார் உண்டு. கலவை கெட்டி, செங்கல் மெதுவு. அதனாலதான் செங்கல் பொரியுது. வெளிப்பூச்சுக்கு 1க்கு 5, பூச்சு மணல்ல. வாட்டர்ப்ரூஃப் திரவம் மூட்டைக்கு 200 மில்லி. செங்கல் குமிழி அடங்கற வரைக்கும் தொட்டியில ஊறணும். போர்த்தண்ணி உப்பா இருந்தா கலவைக்கு நல்லதண்ணி கொடுங்க.

கொத்தனார்கள் விட்டுட்டுப் போறது மூடியைத்தான். ரெண்டரை அங்குலக் கான்கிரீட் பலகை, நாலு பக்கமும் 2 அங்குலம் வெளியே நீட்டி, மேல சாய்வு, நடுவுல குழாய்க்கு ஓட்டை. அடிப்பக்கம் விளிம்புல ஒரு விரல் கனத்துக்குக் காடி (பள்ளக்கோடு) இழுக்கணும். காடி இல்லைன்னா தண்ணி சொட்டாம சுவரோட வழிஞ்சு அதே ஜாயிண்ட்டை அரிக்கும். தளத்து மூலையில தட்டோட்டைக் கொஞ்சம் பெயர்த்து, 2 அங்குலச் சாய்வு பூசி, மேல கண்ணாடிநார் வலை வெச்சு வாட்டர்ப்ரூஃப் ரெண்டு கோட்.

பேரூர்_நிழல்:
கூலிக்கு: இத்தனை சின்ன வேலைக்குச் சதுரடி ரேட் ஒத்துவராதுங்க. சாமான் நம்முது, ஒரு கொத்தனார் ஒரு சித்தாள் நாள்கூலி. சாரம் கட்டறதும் இடிச்ச மண்ணை அள்ளறதும் யார் பொறுப்புன்னு முன்னாடியே தாள்ல எழுதிக்கங்க, தகராறு வர்றது அங்கதான். ஸ்டீல் குழாய் கொத்தனார் வேலை இல்லை, ஃபேப்ரிகேஷன் பட்டறையில தனியாப் பேசுங்க. மேல ஏறறவர்கிட்ட கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டை இருக்கான்னும் கேட்டுக்கங்க.

தை, மாசியில வெச்சுக்கங்க. ஆடியில பூசினா காத்து ஈரத்தை உறிஞ்சி மயிரிழை வெடிப்பு விடும். எப்பப் பூசினாலும் ஈரச்சாக்கு சுத்தி 7 நாள் தண்ணி காட்டணும். கடைசிக் கால் பங்குக் கூலியை அதுவரைக்கும் நிறுத்தி வைங்க.

சாந்துக்கரண்டி:
கணக்கு முடிக்கறதுக்கு முன்னாடி புகை வெச்சுப் பாத்துருங்க. குழாய் வாயை ஈரச்சாக்கால மூடி, அடுப்புல ஈர வைக்கோல் ஒரு கைப்பிடி போட்டு, வீட்டாளுக வெளியே நின்னுக்கங்க. சுவர்ல எங்க புகை கசியுதோ அங்க சாக்பீஸ்ல வட்டம் போட்டுக் காட்டுங்க. அடைச்சுட்டுத்தான் சாரத்தைப் பிரிக்கணும். முதல் நெருப்பு ரெண்டு வாரம் கழிச்சு, சுள்ளி வெச்சுச் சின்னதா.

துடியலூர்க்காரன்:
ரொம்ப நன்றிங்ணா. ரெண்டாவது கொத்தனாரை மாடி ஏறித் தட்டிப் பாக்கச் சொல்லி நாளைக்கு வரச் சொல்லியிருக்கேன். பட்டறையில குழாய்க்கும் விலை கேக்கறேன்.