புதுப்பிப்பு: ஒருவழியாக வீடு வந்து சேர்ந்தோம்

நானும் மனைவியும் காரிலேயே நாட்டைக் குறுக்காகக் கடந்து திரும்பும்போது வண்டி இடப்பக்கம் இழுப்பதாகவும், அப்படியே வீடு வரை ஓட்டிவிடலாமா என்றும் முன்பு கேட்டிருந்தேன். வேண்டாம் என்றவர்கள் சொன்னதுதான் சரி.

மறுநாள் காலை ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி வைத்து முன் டயரைக் கையால் தடவினேன். வெளிப்பக்கம் நன்றாக இருந்தது. உள்விளிம்பு சுத்த வழுக்கை. டயரின் பள்ளத்துக்குள், தேய்மான எல்லையைக் காட்ட 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் சின்ன மேடு ஒன்று இருக்குமே, அதுவும் ரப்பரும் ஒரே மட்டமாகியிருந்தன. நின்றபடி பார்த்தால் தெரியவே தெரியாது. முன் டயர் இரண்டையும் மாற்றி, வீல் அலைன்மென்ட்டும் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) செய்ததில் ஒரு நாள் போயிற்று. அலைன்மென்ட்டை விட்டிருந்தால் புது டயரும் இதே கதிக்குத்தான் ஆளாகியிருக்கும்.

அப்புறம் மிச்சமிருந்தது மூன்று நாள். வண்டி நேராக ஓடியது, நாங்கள்தான் ஓடவில்லை. 'இன்னும் கொஞ்ச தூரம்தானே' என்று ஒரு மாலை இடைவேளையே எடுக்காமல் ஓட்டினேன். கடந்த பத்து நிமிடச் சாலை எனக்கு நினைவில்லை என்று உறைத்ததும் ஓரங்கட்டிச் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றம், இருட்டியதும் நிறுத்தம்.

வாசலில் எஞ்சினை அணைத்தும் இருவரும் இறங்கவில்லை. "பெட்டியை நாளைக்கு எடுத்துக்கலாம்" என்றாள். இன்னும் டிக்கியில்தான் கிடக்கிறது.