மறுபிறவியை விட்டுவிட்டு மூச்சை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா?

ராப்பாடி:
திருமுடிவாக்கம் தம்ம சேதுவில் பத்து நாள் விபாசனா (மூச்சையும் உடல் உணர்வுகளையும் கவனிக்கும் பௌத்தத் தியானம்) முகாம் முடித்துவிட்டு வந்திருக்கிறேன். காலை 4 மணிக்கு மணியடித்து எழுப்புவது, சாயங்காலம் 5 மணிக்குப் பழமும் டீயும் மட்டும், யாரிடமும் பேச்சில்லை, எல்லாம் பழகிவிட்டது. இரவு உரையில் முற்பிறவி, மறுபிறவி என்று வரும்போதுதான் ஒட்டவில்லை. தியானத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாமா?

கணக்கன்:
தாராளமாக. இந்த முகாம்களை நிறுவிய கோயங்காவின் குரு ஊ பா கின் துறவி இல்லை, குடும்பஸ்தர். பர்மா அரசின் தலைமைக் கணக்காயர். தன் அலுவலக ஊழியர்களுக்கே தியானம் சொல்லிக்கொடுத்தார். ஜான் கபாட்-ஜின் 1979இல் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில், தீராத வலியோடு வந்தவர்களுக்காக இதை சில வார வகுப்பாக்கினார். ஓர் உலர்திராட்சையைக் கையில் கொடுத்து, உருட்டிப் பார்த்து, முகர்ந்து, மெல்ல மென்று தின்னச் சொல்வார்கள். அதற்கு நிர்வாணம், அதாவது பிறவியிலிருந்து விடுதலை, எதற்கு?

போதிமரத்தடி:
ஊ பா கினைத் துணைக்கு இழுக்காதீர்கள், அவர் அசல் பௌத்தர். முகாமில் புத்தர், தம்மம், சங்கம் என்ற மும்மணிகளிடம் சரணம் சொல்லி, ஐந்து சீலமும் (ஒழுக்க விதிகளும்) ஏற்ற பிறகுதானே உட்காரவே விட்டார்கள்? அதையெல்லாம் கழற்றியது மேற்கத்திய வேலை. சீலம் இல்லாத கூர்ந்த கவனம் குறிபார்த்துச் சுடுகிறவனுக்கும்தான் உதவும். ஐடி கம்பெனிகளைப் பாருங்கள். ராத்திரி பத்து மணி வரை வேலை வாங்கிவிட்டு, மூச்சைக் கவனி என்று ஒரு ஆப் கொடுப்பார்கள். வேலையைக் குறைக்க மட்டும் மாட்டார்கள்.

கணக்கன்:
சீலத்தை யார் விடச் சொன்னது? பொய் சொல்லாமல் இருக்க எனக்கு அடுத்த பிறவி பயம் தேவையில்லை. ஆப் விஷயத்தில் மறுப்பில்லை.

நீலக்கொடி:
மேற்கத்திய வேலையா? 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கானோருடன் பௌத்தம் ஏற்ற அம்பேத்கர் எந்த ஊர்க்காரர்? ஆன்மாவே இல்லை என்ற புத்தர் மறுபிறவியை எப்படிச் சொல்லியிருப்பார் என்று ‘புத்தரும் அவர் தம்மமும்’ முன்னுரையிலேயே கேட்கிறார். துக்கத்தைப் பற்றிய நான்கு உண்மைகள்கூட புத்தர் வாக்குதானா என்று சந்தேகிக்கிறார். ஆனால் கணக்கன், இதை உங்களுக்கு ஆதரவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மனிதனை மனிதன் படுத்தும் பாடுதான் அவருக்குத் துக்கம். கண்ணை மூடி உட்கார்ந்தால் டீக்கடை இரட்டைக் குவளை காணாமல் போகாது.

போதிமரத்தடி:
அதே நாக்பூரில் அவர் எடுக்க வைத்த 22 உறுதிமொழிகளில் திருடமாட்டேன், பொய் சொல்லமாட்டேன், குடிக்கமாட்டேன் எல்லாம் இருக்கின்றன. நான் சொல்வதும் அதுதான்.

ராப்பாடி:
வரலாறு இருக்கட்டும். நேற்று மீட்டிங்கில் மேனேஜர் எல்லார் முன்னாலும் கத்தினார். காது மடல் சூடாவது, தாடை இறுகுவது, கால் விரல் செருப்புக்குள் மடங்குவது, ஒவ்வொன்றாகத் தெரிந்தது. பதிலுக்குக் காரசாரமாக ஒரு மெயில் அடித்தேன், அனுப்பவில்லை. இது பலனா, அடங்கிப் போவதா?

கணக்கன்:
பலன்தான். முகாமுக்குப் போவதற்கு முன் அனுப்பியிருப்பீர்கள்.

நீலக்கொடி:
அனுப்பாததால் லாபம் மேனேஜருக்கு. அடுத்த வாரம் வேறொருவரிடம் கத்துவார்.

போதிமரத்தடி:
கோபம் தணிந்த பிறகு, அப்படிக் கத்தியது தப்பு என்று அவரிடம் சொன்னீர்களா? சொல்லவில்லை என்றால் நீலக்கொடி பக்கம்தான் நான்.

ராப்பாடி:
இன்னும் இல்லை. திங்கட்கிழமை தனியாகப் பேச நேரம் கேட்டிருக்கிறேன்.

கணக்கன்:
அந்த மெயிலை அழித்துவிடாதீர்கள். காரத்தை எடுத்துவிட்டு, விஷயத்தை மட்டும் பேசுங்கள்.